கவிழ்த்த மட்டையில் தொங்கும் பந்து

விளையாட்டுச் சாமான் கடைகளில் ஒரு வித்தை காட்டுவார்கள். பிசுபிசுப்பான சீன ரப்பர் ஒட்டிய மட்டையின்மேல் டேபிள் டென்னிஸ் பந்தை மெல்ல அழுத்திவிட்டு மட்டையைக் கவிழ்த்தால், 2.7 கிராம் எடையுள்ள அந்தப் பந்து உடனே விழாமல், காம்பில் தொங்கும் காய்போல இரண்டொரு நொடி நின்று பிறகே பிரியும். ஒட்டுகிற ரப்பரே உத்தம ரப்பர் என்ற பிரமையில் அந்த க்ஷணமே பணத்தை எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். முதல் வாரத்திலேயே பிரமை தெளிந்தது. எதிராளி ஓங்கி அடித்த பந்துக்கு மட்டையை வெறுமனே காட்டினால், அது வலையைக்கூடத் தாண்டாமல் சோர்ந்து விழுந்தது.

காரணம் ரப்பரின் அமைப்பிலேயே இருக்கிறது. மேலே வழவழப்பான தோல், அதனடியில் உள்நோக்கிய சிறு காம்புகள், அதற்கும் கீழே ஸ்பாஞ்ச். பசையையும் சேர்த்து மொத்தத் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பது விதி. பந்து மட்டையில் தங்குவது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. சர்வீஸிலும், பந்தை மெல்லத் தள்ளும் புஷ்ஷிலும் பந்து மேல்தோலை உரசிச் செல்கிறதேயன்றி ஸ்பாஞ்சுக்குள் இறங்குவதில்லையாகையால், அங்கே பிசுபிசுப்புதான் ராஜா; மென்மையாகத் தீண்டியும் பந்தைச் சுழலவைக்கும் சூட்சுமம் அதனிடமே உள்ளது. பந்தை ஓங்கிச் சுழற்றி வீசும் லூப் அடிக்கும்போதோ பந்து ஸ்பாஞ்சை அமுக்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். டிஹெச்எஸ் என்ற சீன நிறுவனத்தின் ஹரிக்கேன் 3 ரப்பர், அந்நிறுவனத்தின் அளவுகோலில் 39, 40, 41 என்று பல கடினங்களில் கிடைக்கிறது. தோளும் இடுப்பும் சேர்ந்து வீசும் கைக்குத்தான் அத்தகைய கடின ஸ்பாஞ்ச் வசப்படும், அரைமனதான வீச்சுக்கு அது மரக்கட்டைதான்.

சீன வீரர்களில் பலர் ஃபோர்ஹேண்டுக்கு இத்தகைய ரப்பரையும், வீச்சு குறுகலாக அமையும் பேக்ஹேண்டுக்குத் தானாகவே துள்ளும் ஜப்பானிய அல்லது ஜெர்மன் ரப்பரையும் வைத்துக்கொண்டது இதனால்தான். தடுப்பாட்டத்தையே பிரதானமாகக் கொண்டவர் பிசுபிசுப்பான சீன ரப்பரை வாங்காமலிருப்பதே நலம். ஸ்பாஞ்சின் மகிமையை உலகம் கண்டுகொண்டது நம் பம்பாயில்தான் என்பதையும் இடையே சொல்லிவிடுகிறேன்: 1952-இல் அங்கே நடந்த உலகப் போட்டியில் ஜப்பானியரான ஹிரோஜி சாட்டோ, சத்தமே எழாத தடித்த ஸ்பாஞ்ச் மட்டையால், பந்தின் ஓசையை நம்பி ஆடிய ஜாம்பவான்களைத் திணறடித்துப் பட்டம் வென்றார்.

பராமரிப்பு விஷயத்தில் இந்த ரப்பர் கைக்குழந்தைக்குச் சமானம். பந்தைப் பிடிக்கும் அதே குணத்தால் மேசைத் தூசியையும் பிடித்துக்கொள்கிறது. பத்து நிமிஷ ஆட்டத்துக்குள் பந்து படும் நடுப்பகுதி மட்டும் சாம்பல் பூத்துவிடும். சுத்தமான நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஒரே திசையில் துடைத்து, நிழலில் உலரவிட்டு, காற்றுக்குமிழ் தங்காதபடி மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே படியவைத்தால் போதும். ஸ்பிரிட் வேண்டாம். உள்ளங்கையால் தேய்க்கும் வழக்கமும் வேண்டாம். கையின் எண்ணெய்ப்பசை ரப்பரில் ஏறும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டையை விட்டுவிட்டால், உஷ்ணமும் காற்றின் பிராணவாயுவும் சேர்ந்து மேல்தோலை இறுகச்செய்துவிடும். மழைக்காலத்துப் புழுக்கத்தில் தோலின்மேல் படியும் ஈரமோ, எவ்வளவு பிசுபிசுப்பையும் கண்ணாடியாக மாற்றிவிடும்.

என் ஃபோர்ஹேண்ட் ரப்பருக்கு இப்போது வயது ஆறு மாதம். கவிழ்த்தால் பந்து அக்கணமே விழுகிறது. சர்வீஸ் மட்டும் இன்னும் வளைந்துதான் போகிறது.