கடலை, காளு, புளிஹோரா

எல்லையில் ஒரு தொழில் நகரம் – 11

ஓசூர் பேருந்து நிலையத்தில் ஒருவன் ஒருத்தியிடம் அரை மணி நேரமாக அசடு வழிந்துகொண்டிருந்தால், தமிழர் அதைக் ‘கடலை போடுவது’ என்பார். கன்னடத்துக்காரருக்கு அது ‘காளு ஹாக்கோது’. காளு என்றால் பயறு, தானியம். தெலுங்குக்காரரோ ‘புளிஹோரா கலபடம்’ என்று முடித்துவிடுவார், புளியோதரை கிளறுகிறானாம். இந்த ஒரு காரியத்துக்குப் பெயர் தேடி மூன்று மொழிகளும் அடுப்படிக்கே போயிருக்கின்றன. மூன்றும் கேலிச் சொற்கள், தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பவர் சொல்பவை. கொஞ்சல் வசனம் மீம் ஆவதும் அந்த வேடிக்கை பார்ப்பவரால்தான்.

எல்லை தாண்டி வந்த கொஞ்சல்களில் மூத்தது ‘கோபால்’. பெங்களூரில் பிறந்த பி. சரோஜாதேவி, 1964இல் வெளிவந்த ‘புதிய பறவை’யில் சிவாஜியை அப்படிக் கூப்பிட்டார். வசனம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, வெறும் பெயர். இழுத்த இழுப்பும் கன்னடம் தோய்ந்த உச்சரிப்பும்தான் எல்லாம். யூடியூப் பிறக்க இன்னும் 41 ஆண்டுகள் இருந்தன. அதுவரை மிமிக்ரி மேடைகளும் கல்லூரி ஆண்டு விழாக்களும் அந்தக் ‘கோபாலை’ச் சாகாமல் பார்த்துக்கொண்டன. கூப்பிடுபவருக்குக் காதல் இருக்க வேண்டியதில்லை, கூப்பிடப்படுபவர் பெயர் கோபாலாகவும் இருக்க வேண்டியதில்லை. சொன்னவரை விட்டுக் கழன்று வந்தால்தான் ஒரு சொல் மீமாகும்.

2010இல் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ வேறொரு வசதியைச் செய்து கொடுத்தது. உலகத்தில் எத்தனையோ பெண்கள் இருக்க, தான் ஏன் ஜெஸ்ஸியைக் காதலித்தோம் என்று கார்த்திக் புலம்புவான். ஜெஸ்ஸியை எடுத்துவிட்டு அங்கே எதை வைத்தாலும் பொருந்தும். தமிழ் மீம்காரர்கள் இன்ஜினியரிங் படிப்பை வைத்தார்கள். சிப்காட்டில் இரவு வேலை பார்ப்பவர் ‘எத்தனையோ ஷிப்ட் இருந்தும்...’ என்று ஆரம்பித்தால் போதும், மீதியைக் கேட்பவரே முடித்துவிடுவார்.

2023இல் நாடு முழுக்கப் பரவிய ‘ஜஸ்ட் லுக்கிங் லைக் எ வாவ்’ இன்னும் வேடிக்கை. டெல்லியில் துணி விற்கும் ஒரு பெண் சுடிதாரைப் பார்த்துச் சொன்ன புகழுரை அது, ஆளைப் பார்த்து அல்ல. இசைக்கலைஞர் யஷ்ராஜ் முகாத்தே அதைப் பாட்டாக்கினார், தீபிகா படுகோன் வாயசைத்தார். சுடிதாருக்குச் சொன்னது உடுத்தியவருக்குப் போய்ச் சேர்ந்தது. இலக்கணம் தப்பாக இருந்ததும் நல்லதாயிற்று. சரியான ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் யார் சீண்டியிருப்பார்கள்?

வாயசைப்புதான் இதில் பெரிய மாற்றம். 2014இல் டப்ஸ்மாஷ் செயலி வந்தது, பிறகு டிக்டாக். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில நாட்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்தது. குரல் இன்னொருவருடையது, உதடு மட்டும் நம்முடையது. ஜார்க்கண்டிலிருந்து ஓசூர் ஆலைக்கு வேலைக்கு வந்த பெண் தமிழ் வசனத்துக்கு வாயசைக்கலாம், தேன்கனிக்கோட்டைப் பையன் கன்னட வசனத்துக்கு. மொழி தெரிய வேண்டாம், ராகம் பிடிபட்டால் போதும்.

கூடவே ஒரு சௌகரியமும் கிடைத்தது. கம்பெனி பஸ்ஸில் ஒருவன், ஒருத்தி காதில் விழும்படி வசனத்தை ஓடவிடுகிறான். அவள் சிரித்தால் அது அவன் மனசு. முறைத்தால், ‘சும்மா ரீல்ஸுங்க!’

இந்த ‘சும்மா’ சட்டத்தில் செல்லாது. பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தமிழ்நாடு 1998லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், விருப்பமில்லாத ஆபாசப் பேச்சையும் துன்புறுத்தலாகவே கணக்கில் எடுக்கிறது. பேச்சு யாருடைய படத்தில் வந்தது என்று அது கேட்பதில்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். குழு அமைத்த உத்தரவை எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டவும் வேண்டும். உங்கள் கம்பெனியில் அது எங்கே ஒட்டியிருக்கிறது, எந்த மொழியில் இருக்கிறது என்று இன்று ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரு தடவை பாருங்கள்.

(தொடரும்)