எளிய வட்டுக் கோப்பு முறைமையில் பதுக்கு நினைவகத்தின் பங்கு

எண்மமாக்கப்பெற்ற சுவடிகளும் பழைய இதழ்களும் நூலகங்களுக்கிடையே பலவேளைகளில் வெளிவட்டிலோ விரலியிலோ கைமாறுகின்றன. அவ்வூடகங்களில் இன்றும் பரவலாகக் காணப்படும் ஃபேட்32 என்னும் கோப்பு முறைமை 1996இல் வெளிவந்தது. 1970களின் இறுதியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் நெகிழ்வட்டுகளுக்கென உருவான அமைப்பின் வழித்தோன்றல் அது. அதன் எளிமையே பெரிய கோப்புகளைப் படிக்கையில் தடையாவதையும், சிறிதளவு நினைவகத்தைக் கொண்டே அத்தடையை நீக்கலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஃபேட் முறைமை வட்டின் தரவுப் பகுதியைக் கொத்துகளாகப் பகுக்கிறது. ஒரு கோப்பின் முதற்கொத்து எது என்பதை அடைவு கூறும். அடுத்தடுத்த கொத்துகளை அறிய, வட்டின் தொடக்கப் பகுதியிலுள்ள ஒதுக்கீட்டு அட்டவணையை நாட வேண்டும். அந்தாதியில் ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாவதுபோல, அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் அடுத்த கொத்தின் எண்ணைத் தருகிறது. இடையில் தாவ வழியில்லை; ஆயிரமாவது கொத்தை அடைய முந்தைய பதிவுகள் அனைத்தையும் கடந்தாக வேண்டும்.

64 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பைக் கருதுவோம். கொத்து 4 கிலோபைட் எனின், அதில் 16,384 கொத்துகள் உள. கொத்துக்கு ஒருமுறை தரவையும் ஒருமுறை அட்டவணையையும் படித்தால் 32,768 வாசிப்புகள். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டில் அரைச்சுற்றுக் காத்திருப்பு ஏறத்தாழ 4.17 மில்லிநொடி. அக்காத்திருப்பே இரண்டு நிமிடத்தை விஞ்சும். படிமுனை அட்டவணைக்கும் தரவுக்குமாக அலையும் நேரம் வேறு. (வட்டினுள்ளேயே அமைந்த நினைவகத்தை இங்குக் கணக்கிற் கொள்ளவில்லை.)

ஃபேட்32இல் ஒரு பதிவு 4 பைட். 512 பைட் கொண்ட ஒரு செக்டரில் 128 பதிவுகள் அடங்கும். இறுதியாகப் படித்த ஒரேயொரு அட்டவணைச் செக்டரை நினைவகத்தில் நிறுத்தினாலே, கொத்துகள் தொடர்ச்சியாக அமைந்த கோப்பில் அட்டவணை வாசிப்புகள் 16,384இலிருந்து ஏறத்தாழ 128ஆகக் குறையும். 512 பைட்டுக்கு இது பெரும்பேறே. சிதறிக் கிடக்கும் கோப்புக்கு இப்பயன் குறையும். அங்குப் பல செக்டர்களைப் பதுக்க வேண்டும்.

பதுக்ககம் நிறைந்ததும் எதை நீக்குவது? நெடுநேரம் தொடப்படாததை நீக்குவதே யூனிக்ஸ் மரபு. ஆயினும் தரவும் அட்டவணையும் ஒரே பதுக்ககத்தைப் பகிர்ந்தால், ஒருமுறை மட்டுமே படிக்கப்படும் பக்கப் படங்கள் பழைய அட்டவணைச் செக்டர்களை வெளியே தள்ளிவிடும். ஆய்வாளர் முன்பக்கத்துக்குத் திரும்புகையில் சங்கிலியை முதலிலிருந்து மீண்டும் தொடர நேரும். எனவே அட்டவணைக்குத் தனியிடம் ஒதுக்குவதே தக்கதென்பது என் கருத்து. லினக்ஸின் ஃபேட் இயக்கி இன்னும் ஒருபடி மேற்சென்று, கோப்பின் எப்பகுதி எக்கொத்தில் தொடங்குகிறது என்பதைக் கோப்புதோறும் சிறு குறிப்பாக வைத்துக்கொள்கிறது.

விரலியில் சுழற்சி இல்லை. எனினும் ஒவ்வொரு வாசிப்புக் கட்டளைக்கும் காலச்செலவு உண்டு.

வாசிப்புக்கு இவ்வாறு தாராளமாகப் பதுக்கலாம். எழுதுவதில் அத்தாராளம் ஆகாது. மாற்றிய அட்டவணைச் செக்டர் வட்டை அடையுமுன் விரலியைப் பிடுங்கினால், பக்கங்களின் தரவு ஊடகத்தில் இருந்தும் அவற்றின் வரிசை தொலையும். அட்டவணை வழக்கமாக இருபடிகளாக வைக்கப்படினும், இரண்டுமே புதுப்பிக்கப்படாதபோது அக்காப்பு உதவாது. ஆதலின் அட்டவணை மாற்றங்களை மட்டும் உடனுக்குடன் எழுதிவிடல் வேண்டும்.