கொம்பும் காலும் சேர்ந்தால் கொ

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில் கொத்தகொண்டப்பள்ளி என்று ஓர் ஊர். ஒரு நாள் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பையன் ஜன்னல் வழியே அந்தப் பெயரைப் படிக்கப் பார்த்தான். இரண்டாம் வகுப்பு இருக்கும். "கெ..." என்று தொடங்கினான். பின்னால் நின்ற துணைக்கால் அப்புறம்தான் கண்ணில் பட்டது. திரும்பி வந்து "கொ" என்றான். "கொத்த... கெ..." மறுபடி அதே தடுக்கல், மறுபடி திருத்தம். அதற்குள் பஸ் பலகையைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா முழுப் பெயரையும் சொன்னதும் பையன் சிரித்துக்கொண்டே தெலுங்கில் ஏதோ சொன்னான். கொத்த என்றால் புதிய, கொண்ட என்றால் மலை. எழுத்தில் தடுக்கினாலும் பொருள் அவன் வீட்டுச் சொத்து. எனக்கு நேர்மாறு. ஒரே மூச்சில் படித்துவிட்டேன். ஆனால் அதற்குள் ஒரு புது மலை இருப்பது ஓசூருக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

படிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எழுத்தை ஒலியாக்குவது ஒரு வேலை, ஒலியைப் பொருளாக்குவது இன்னொரு வேலை. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1986-ல் இதை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். இரண்டில் ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதுதான் அதில் முக்கியம். எழுத்துக் கூட்டுவதில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், அந்த மொழி தெரியாவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஆனால் இந்தத் துறையின் பெரும்பாலான ஆராய்ச்சி ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளை வைத்தே நடந்தது. ஆங்கிலமோ உலக எழுத்து முறைகளிலேயே கொஞ்சம் கோணலானது. 2003-ல் வெளிவந்த ஐரோப்பிய ஒப்பாய்வு ஒன்றில், முதல் வகுப்பு முடிவில் பெரும்பாலான மொழிகளின் குழந்தைகள் எளிய சொற்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் சரியாகப் படித்தார்கள். ஆங்கிலக் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்கைத்தான் படித்தார்கள். அப்படியொரு மொழியை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அளக்கலாமா என்று இஸ்ரேல் உளவியலாளர் டேவிட் ஷேர் 2008-ல் ஒரு கட்டுரையில் வெளிப்படையாகவே கேட்டார்.

அதே கேள்வியை நம் பக்கத்திலிருந்து கேட்டவர் சோனாலி நாக். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, ஓசூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில், 'தி பிராமிஸ் பவுண்டேஷன்' என்ற தொண்டு நிறுவனத்தில் இருந்தபடி கன்னடப் பள்ளிக் குழந்தைகள் எப்படிப் படிக்கக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். பிறகு ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கல்வித் துறையில் பேராசிரியரானார். இதே பாதையில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பிரகாஷ் படகண்ணயாவும், பேச்சு, மொழிக் குறைபாடுகளை ஆராய்ந்த பிரதிபா காரந்தும் அவருக்கு முன்பே நடந்திருந்தார்கள். கன்னடத்தைச் சரளமாகப் படிக்கிறவர்களுக்குக்கூடச் சொல்லைத் தனித்தனி ஒலியாகப் பிரிக்கும் திறன் குறைவாக இருக்கலாம் என்று படகண்ணயாவும் காரந்தும் உடனிருந்தவர்களும் 1993-லேயே எழுதினார்கள். அந்தத் திறன் இல்லாமல் படிப்பே வராது என்று ஆங்கில உலகம் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்த காலம் அது.

இப்படிப்பட்ட உளவியலாளர் அன்றாடம் என்னதான் செய்கிறார்? பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. வகுப்புக்கு வெளியே வராந்தாவில் ஒரு குழந்தையை எதிரில் உட்காரவைத்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி வாசிக்கச் சொல்வார். "'படம்' சொல்லு. அதுல 'ப' எடுத்துட்டா மிச்சம் என்ன?" என்று கேட்பார். "டம்" என்று குழந்தைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அசை எனப்படும் ஒலித்துண்டு காதுக்கு எளிது. "படத்தில் முதல் ஒலி எது?" என்றால் "ப" என்றுதான் பதில் வரும், "ப்" என்று வராது. எழுத்தே நமக்கு அசையாக இருப்பதுதான் காரணம்.

இதில் நேரத்தைத் தின்பது, அதே குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது. நன்றாகப் படிக்கும் குழந்தைக்கு ஒலி நுட்பமும் நன்றாக இருந்தால், எது எதற்குக் காரணம்? ஒரு நாள் சோதனையில் தெரியாது. இங்கிலாந்தில் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையண்ட்டும் இன்னும் படிக்கத் தொடங்காத சுமார் 400 குழந்தைகளைச் சோதித்து, நான்கு ஆண்டு பின்தொடர்ந்து, அவர்களில் 65 பேருக்குத் தனிப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் 1983-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பொறுமைக்காரர்கள் வேலை இது.

நாக் 2007-ல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இது: கன்னடக் குழந்தைகளுக்கு எழுத்துகள் முழுதும் கைவர நான்காம் வகுப்புவரையிலும், அதற்குப் பிறகும் ஆகிறது. தனி ஒலியைப் பிரித்தறியும் திறனும் மெதுவாகவே வருகிறது. 26 எழுத்தை ஓராண்டில் முடித்துவிடும் ஆங்கிலக் குழந்தையின் கால அட்டவணை இங்கே பொருந்தாது. இப்படிப் பல நூறு வடிவங்கள் கொண்ட முறையை 'விரிந்த' எழுத்து முறை என்றும், ஆங்கிலம் போன்றவற்றை 'அடங்கிய' எழுத்து முறை என்றும் அவர் பிரித்தார். எனக்கு இந்தச் சொற்கள் பிடித்திருக்கின்றன. யாரையும் மந்தம் என்று சொல்லாத சொற்கள்.

தமிழும் விரிந்த முறைதான். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. விதி தெரிந்தால் போதும், மனப்பாடம் வேண்டாம் என்பார்கள். முக்கால்வாசி உண்மை. உகர வரிசையை மட்டும் எடுத்துப் பாருங்கள். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு மாதிரி சுற்றிக்கொள்ளும். சு, பு, வு, யு, ஙு கீழே கோடு இழுக்கும். து, நு, று, லு, னு, ணு, ஞு வேறொரு மாதிரி வளைந்து மேலே ஏறும். 18 எழுத்துக்கு மூன்று ஜாதி. 1978-ல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்றபோது ணா, றா, னா, லை போன்ற 13 எழுத்துகள் ஒழுங்குக்கு வந்தன. உகர ஊகாரம் அப்படியே விடப்பட்டது.

அடுத்தது கொம்பு. கெ, கே, கை மூன்றிலும் உயிரின் குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது. வாய் முதலில் சொல்வது மெய்யை, கண் முதலில் பார்ப்பது கொம்பை. கொ, கோ வந்தால் குறி இருபுறமும். கொம்பைப் பார்த்து 'கெ' என்று முடிவெடுத்தால் துணைக்கால் வந்து மாற்றிவிடும். பஸ்ஸில் அந்தப் பையனுக்கு நடந்தது இதுதான். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். விதி தெரிந்த குழந்தைதான் அப்படித் தடுக்கும். தெரியாத குழந்தை ஊகித்துவிட்டுப் போய்விடும்.

ஆனால் ஒரு வசதி தமிழுக்கு உண்டு. கன்னடத்தில், தெலுங்கில் மெய்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நமக்குப் புள்ளி வைத்து நேராக எழுதினால் போதும். அந்தச் சின்னப் புள்ளிதான் 'ப்' என்ற தனி ஒலியைக் கண்ணுக்குக் காட்டுகிறது.

வசதிக்கு விலை ஒலியில் இருக்கிறது: ஒரே எழுத்துக்குப் பல ஒலி. கொத்தகொண்டப்பள்ளியில் இரண்டு 'கொ'. முதலாவது அழுத்தமாக, இரண்டாவது பலர் வாயில் மென்மையாக. அந்த ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் சிலர் கே போட்டும் சிலர் ஜி போட்டும் எழுதுவது இதனால்தான். அக்கா, தங்கம், மகள் மூன்றிலும் க ஒவ்வொரு விதம். தமிழை வீட்டில் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், தானே மாறிக்கொள்ளும். தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் வீட்டுப் பிள்ளை எந்த இடத்தில் எந்த ஒலி என்று ஒவ்வொரு சொல்லாகப் பழக வேண்டும்.

ஓசூர், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் இது ஒரு சிலர் கதையல்ல. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்த மேற்கு ஓரத்தில் தெலுங்கும் கன்னடமும் தலைமுறைகளாக வீட்டு மொழி. டிவிஎஸ், டைட்டன், அசோக் லேலண்ட் வந்த பிறகு சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி எல்லா மாவட்டத்துத் தமிழும் சேர்ந்தது. இப்போது ஒடியாவும் இந்தியும். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழ் எல்லோருக்கும் கட்டாயப் பாடமானது. சட்டத்தின் நியாயத்தைப் பற்றி இங்கே பேச வரவில்லை. ஆனால் காஃப், டன்மர் பெருக்கலில் ஓசூரின் பல குழந்தைகளுக்கு இரண்டாவது எண்தான் சிறியது. எழுத்து வந்துவிடும், சொல் வராது. இதற்கு மருந்து இன்னொரு எழுத்துப் பயிற்சிப் புத்தகம் இல்லை. பேச்சுதான்: கதை சொல்வது, கேள்வி கேட்பது, வீட்டு மொழியில் பொருளைச் சொல்லித் தமிழ்ச் சொல்லோடு கோப்பது.

ஊருக்குள் இப்போது எல்லாத் தெருவிலும், எழுத்தை ஒலியாக்கப் பழக்கும் 'போனிக்ஸ் கிளாஸ்' பலகை. ஆங்கிலத்துக்கு அது நல்லது, ஆராய்ச்சி ஆதரவும் உண்டு. அதே வேகத்தைத் தமிழிடம் எதிர்பார்த்து, மூன்றாம் வகுப்பில் ணு-வும் னு-வும் குழம்புகிறதே என்று பதறும் பெற்றோருக்குத்தான் சொல்கிறேன்: அந்த வயதில் அது சகஜம். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பை வைத்துப் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையை வைத்துப் பிரிப்பது இந்த வகையில் சரியான யோசனை. கவனிக்க வேண்டியது வேறு: நான்காம் வகுப்பிலும் அடிக்கடி வரும் எழுத்துகளிலேயே தடுமாறினால், சொன்னதை மறுபடி சொல்ல முடியாவிட்டால், பார்வையும் காதும் சோதித்தபின் ஒரு நிபுணரிடம் காட்டலாம்.

'அடிக்கடி வரும்' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. சோனாலி நாக்கும் ஆக்ஸ்போர்டின் மார்கரெட் ஸ்னோலிங் உள்ளிட்டோரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கன்னட எழுத்து குழந்தைக்கு எப்போது கைவரும் என்பது அது எத்தனை சிக்கலாக வரையப்பட்டிருக்கிறது, எத்தனை முறை கண்ணில் படுகிறது என்பதையும் பொறுத்திருந்தது.

தளியில் எல்லோரும் இறங்கினோம். திரும்பிப் போகத் தயாராக இன்னொரு பஸ் நின்றிருந்தது. பையன் அதன் நெற்றியைப் பார்த்து, நிற்காமல், கூட்டாமல், "ஓசூர்" என்றான். சூ கொஞ்சம் சிக்கலான எழுத்து. தனியாக எழுதிக் காட்டியிருந்தால் யோசித்திருப்பான் என்று நினைக்கிறேன்.