எஞ்சின் வேலைக்குப் பின் சார்ஜ் ஏறவில்லையா?

மாரண்டஹள்ளி, பாலக்கோடு பக்கம் தக்காளி சீசனில் பிக்கப் வண்டி ஒரு நாள் நின்றாலே நஷ்டம்தான். அதிலும், எஞ்சினை இறக்கிப் பெரிய செலவு செய்த வண்டி மறுநாளே நின்றால்? சாவி போட்டால் செல்ஃப் முனகுகிறது, பேட்டரி விளக்கு அணையவே இல்லை. மெக்கானிக்கைக் கேட்டால் எலக்ட்ரீஷியனிடம் போகச் சொல்கிறார். அவரோ, டைனமோ போய்விட்டது என்கிறார். இப்படித்தான் நல்ல டைனமோக்கள் பல கழற்றி வீசப்படுகின்றன.

நேற்றுவரை ஓடிய டைனமோ, எஞ்சின் ஏற்றிய அன்றைக்கே தானாகக் கெடுவது அபூர்வம். கைபட்ட இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்.

நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் வயரை. எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. எஞ்சினைச் சேஸிஸுடன் சேர்ப்பது ஒரு தடித்த எர்த் வயர். அதை மாட்ட மறந்தாலோ, பெயிண்டின் மேலேயே போல்ட்டை முடுக்கினாலோ, செல்ஃப் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் வேறு வழி தேடும். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியே பாய்ந்து அவை புகைவதும் உண்டு.

சோதிப்பது சுலபம். வண்டியை நியூட்ரலில் போட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் நின்றால் பயமில்லை. 1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தைக் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி மாட்ட வேண்டும்.

அடுத்தது சார்ஜிங். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஏறவில்லையென்றால் பெல்ட் தொய்வையும் டைனமோ கப்ளரையும் பாருங்கள். டைனமோவின் தடித்த முனையில் 14 வந்து, பேட்டரியில் 12தான் இருந்தால் கோளாறு நடுவிலுள்ள வயரிலோ மெயின் ஃபியூஸிலோதான். சாவி போட்டதும் பேட்டரி விளக்கு எரியவே இல்லையா? அந்த பல்பையும் பாருங்கள். பல பழைய வண்டிகளில் அந்த விளக்கு வழியாகத்தான் டைனமோ விழிக்கும்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட்டேஜ் ரெகுலேட்டரையும் டயோடையும் கொன்றுவிடும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டிகளில் ஈசியூவும் சேர்ந்து போகலாம்.

டைனமோவே கெட்டிருந்தாலும் முழுதாக மாற்றத் தேவையில்லாமல் போகலாம். சென்னை பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் போன்ற கம்பெனிகளின் டைனமோக்களுக்குக் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் எல்லாம் தனியாகவே கிடைக்கின்றன.

வண்டியை ஷெட்டிலிருந்து எடுப்பதற்கு முன்பே இந்த அளவுகளை மெக்கானிக் முன்னிலையில் பார்த்து, பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.