திடீர்க் கோபமும் நெடுநாள் வேதனையும்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள கிராலி என்னும் ஊரில், 1989ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கணவர் மூன்று நாட்கள் வீட்டைத் துறந்து போயிருந்த சமயம், பஞ்சாபில் பிறந்து பட்டம் பெற்றுச் சட்டக் கல்வியிலும் காலடி வைத்திருந்த கிரண்ஜித் அலுவாலியா என்ற பெண்மணி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாங்கள் திரும்பி வந்தால் பால் கலக்காத காப்பியைத் தொடமாட்டேன், பச்சை மிளகாய் தின்னமாட்டேன், வாரந்தோறும் கடைத்தெருவுக்குப் போகமாட்டேன், அண்டை வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன், தலைமுடிக்குச் சாயம் பூசமாட்டேன், தங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் சிரிப்பதைக்கூட விட்டுவிடுகிறேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வாக்குக் கொடுத்துக்கொண்டே போகிறது அக்கடிதம். பின்னாளில் மேல்முறையீட்டுத் தீர்ப்பிலேயே இடம்பெற்றுவிட்ட அதனைப் படிப்பவர்களுக்கு, அந்த வீட்டில் பத்தாண்டுக் காலம் நடந்த சம்சாரம் எத்தகையது என்பதை வேறு சாட்சி வந்து விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

கடிதம் எழுதிச் சில வாரங்களே கடந்திருந்த நிலையில், மே 9ஆம் தேதி அதிகாலையில், உறங்கிக்கொண்டிருந்த கணவர் தீபக்கின் படுக்கையறையில் பெட்ரோலை வீசி அவர் தீ வைத்தார். தீக்காயங்களோடு ஆறு நாட்கள் போராடிக் கணவர் இறந்துபோனார். குற்றம் நடந்ததா, யார் செய்தது என்பதில் எவருக்கும் எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனாலும் இந்த வழக்கு மூன்றாண்டுகள் நீதிமன்றங்களைச் சுற்றிவந்து, இங்கிலாந்தின் சட்டத்தையே அசைத்துப் பார்த்ததற்குக் காரணம், கோபத்தைச் சட்டம் எவ்விதம் அளக்கிறது என்ற கேள்வியை அது எழுப்பியதுதான்.

ஒருவரை வேண்டுமென்றே கொல்லுவது கொலை. அதற்கு இங்கிலாந்தில் ஆயுள் தண்டனை தவிர வேறு தண்டனை கிடையாது. ஆனால் அன்றைய சட்டப்படி, இறந்தவரே ஆத்திரமூட்டி, அதனால் தன்வசம் இழந்த நிலையில் கொல்ல நேர்ந்ததென்று ஜூரர்கள் கருதினால், அது கொலையென்ற நிலையிலிருந்து இறங்கி, நீதிபதி தம் விருப்பப்படி தண்டனை விதிக்கத்தக்க, கொலையைவிடக் குறைந்த குற்றமாகிவிடும். மனித சுபாவத்தின் பலவீனத்துக்குச் சட்டம் காட்டும் இந்தச் சலுகை நூற்றாண்டுகள் பழமையானது. மதுக்கடையில் மூண்ட சச்சரவு, வாள்வீச்சு, பிறன்மனை நயந்தவனைக் கண்ணெதிரே பிடித்த கணவனின் ஆவேசம் முதலான சந்தர்ப்பங்களை மனத்தில் வைத்து வளர்ந்தமையால், இரத்தம் சூடாக இருக்கும்போதே கை ஓங்கியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை அதனோடு ஒட்டிக்கொண்டது. 1949ஆம் ஆண்டு டஃபி என்ற வழக்கில் நீதிபதி டெவ்லின், தன்னடக்கத்தை இழப்பது திடீரென்றும் தற்காலிகமாகவும் நிகழ்ந்திருக்கவேண்டும் என்று அதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். இந்த இலக்கணமே, கணவனின் அடியைத் தாங்கமாட்டாமல், அவன் படுக்கையில் கிடந்தபோது கொன்றுவிட்ட ஒரு மனைவியின் வழக்கில் பிறந்தது என்பதைச் சட்ட மாணாக்கர்கள்கூடப் பல சமயம் கவனிப்பதில்லை.

அலுவாலியாவின் வழக்கில் அந்த நிபந்தனை எவ்விதம் வேலை செய்தது என்று பார்ப்போம். மே 8ஆம் தேதி இரவு, இனி நமக்குள் ஒன்றுமில்லை என்று கணவர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் 200 பவுன் கொடுக்காவிட்டால் அடிப்பேன் என்றார். துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, விலகிப் போகாவிட்டால் இந்தச் சூட்டை உன் முகத்தில் வைத்துவிடுவேன் என்று மிரட்டினார். நள்ளிரவில் படுக்கைக்குப் போன மனைவிக்கு உறக்கம் வரவில்லை. இரண்டரை மணி அளவில் எழுந்து கீழே சென்று, ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த பெட்ரோலை வாளியில் ஊற்றிக்கொண்டு, அடுப்பில் மெழுகுவத்தியைப் பற்றவைத்து, தன் கை சுட்டுவிடாமல் இருக்க அடுப்படிக் கையுறையையும் ஒரு குச்சியையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். அந்தக் கையுறை அரசுத் தரப்புக்குப் பெரிய ஆயுதமாகிவிட்டது. ஆத்திரத்தில் அறிவிழந்தவள் கையுறையைத் தேடிப் போவாளா, பெட்ரோலை முன்கூட்டியே வாங்கி வைப்பாளா, மிரட்டலுக்கும் தீக்கும் இடையில் சில மணி நேரம் கடந்திருக்குமா என்ற கேள்விகளுக்கு டஃபி இலக்கணத்தின்படி ஒரே விடைதான் இருந்தது. குற்றவாளிக் கூண்டிலிருந்தவர் சாட்சியமும் அளிக்கவில்லை. 1989 டிசம்பர் 7ஆம் தேதி லூயிஸ் நகர நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

அந்த விசாரணையில் போதிய அளவு பேசப்படாத காகிதங்கள் பல இருந்தன. தொலைபேசியால் தலையில் மூன்று நான்கு முறை அடிபட்டு வந்ததாக 1981 அக்டோபரில் மருத்துவர் எழுதிவைத்த குறிப்பு, 1983இலும் 1986இலும் கணவருக்கு எதிராக அவர் நீதிமன்றத்தில் பெற்ற தடையுத்தரவுகள் ஆகியவற்றோடு, கடுமையான மனச்சோர்வுக்கு அவர் ஆளாகியிருந்தார் என்று கூறும் ஒரு மனநல மருத்துவரின் அறிக்கையும் யாராலும் பயன்படுத்தப்படாமல் கிடந்தது. லண்டனின் சவுத்தால் பகுதியில் 1979இல் தோன்றிய சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற பெண்கள் அமைப்பு இந்த வழக்கை எடுத்துக்கொண்டு வீதிகளிலும் பத்திரிகைகளிலும் பிரஸ்தாபித்ததன் பின்னரே, ஜெஃப்ரி ராபர்ட்சன் என்ற பெயர்பெற்ற வழக்கறிஞரின் வாதத்துடன் மேல்முறையீடு நடந்தது.

தீ வைத்த பெண்ணின் ஆத்திரம் சில மணி நேரத்தில் ஆறிப்போகவில்லை, உமிக்குள் கனன்ற தீயைப்போல அந்த இடைவெளியில் மேலும் முற்றிப்போயிற்று என்று அவர் தரப்பு வாதாடியது. 1992 ஜூலை 31ஆம் தேதி தலைமை நீதிபதி டெய்லர் பிரபு வழங்கிய தீர்ப்பு இதற்கு அரை வழியே இடம் கொடுத்தது. காலதாமதம் என்ற ஒன்றினாலேயே ஆத்திரமூட்டல் என்ற வாதம் வீழ்ந்துவிடாது. எனினும் தாமதம் எவ்வளவுக்கு நீள்கிறதோ, திட்டமிட்டதற்கான அடையாளம் எவ்வளவுக்குத் தெளிவோ, அவ்வளவுக்கு அந்த வாதம் பலவீனப்படும். டஃபி இலக்கணத்தை மாற்றுவதானால் அது பாராளுமன்றத்தின் வேலை என்றார்கள். ஆயினும் தண்டனை ரத்தாயிற்று; அது எதனால் என்றால், கவனிக்கப்படாமல் கிடந்த அந்த மருத்துவ அறிக்கையால். மறுவிசாரணைக்கு அனுப்பப்பட்ட வழக்கில், மனநோயினால் பொறுப்பு குறைந்த நிலையில் செய்தார் என்ற வாதத்தை அரசுத் தரப்பே ஒப்புக்கொள்ள, 1992 செப்டம்பரில் மூன்றாண்டு நான்கு மாதச் சிறை விதிக்கப்பட்டது. அது அவர் ஏற்கெனவே கழித்துவிட்ட காலத்துக்குச் சமமாக இருந்ததால் அன்றே விடுதலையானார். ஐஸ்வர்யா ராய் நடித்து வெளிவந்த புரொவோக்டு என்ற திரைப்படம் இந்தச் சம்பவத்தைத் தழுவியதுதான்.

விடுதலை கிடைத்ததே என்று திருப்தி அடைந்துவிடலாம். ஆனால் எந்த வாசல் வழியாகக் கிடைத்தது என்பதைக் கவனிக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம். பத்தாண்டுகள் அடிபட்ட ஒருத்தி சினங்கொண்டது இயல்பு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அவள் மூளை நோயுற்றிருந்தது என்று சொன்னது. மனைவியை ஒரு கணத்தில் கொன்ற ஆணுக்கு மனித சுபாவம் துணை நிற்க, மனைவிக்கு மட்டும் மருத்துவச் சீட்டு தேவைப்பட்டது என்று தலைகீழாகவும் சொல்லிப் பார்க்கலாம். சாரா தார்ன்டன் என்ற ஆங்கிலப் பெண், குடித்துவிட்டுச் சோபாவில் கிடந்தபடியே மிரட்டிய கணவனை, சமையலறைக்குச் சென்று கத்தி எடுத்துவந்து குத்தியவர். அந்தச் சில நிமிட நடையே அவரது மேல்முறையீட்டை 1991 ஜூலையில் தோற்கடித்தது. அதற்கு இரண்டு நாட்கள் கழித்து, குடிகார மனைவியை உதைத்துக் கொன்ற ஒரு கணவருக்கு மற்றொரு நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட இரண்டாண்டுத் தண்டனை அளித்து வீட்டுக்கு அனுப்பியது. சாரா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். மறுவிசாரணையில் அவர்மீதான கொலைக் குற்றம் நீங்க 1996ஆம் ஆண்டாயிற்று.

சட்டத்தை மாற்றும் வேலையைப் பாராளுமன்றம் சாவகாசமாகவே செய்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டம், 2010 அக்டோபரில் அமலுக்கு வந்து, பழைய ஆத்திரமூட்டல் விதியை அடியோடு நீக்கிற்று. தன்னடக்க இழப்பு திடீரென்று இருக்கத் தேவையில்லை, கொடிய வன்முறை நேரும் என்ற அச்சமும் அதற்குக் காரணமாகலாம், துணைவரின் சோரம் மட்டும் காரணமாகாது என்றெல்லாம் புதிய விதி கூறுகிறது. தன்னடக்க இழப்பு என்ற நிபந்தனையையே விட்டுவிடலாம் என்று சட்ட ஆணையம் யோசனை சொல்லியிருந்தும் பாராளுமன்றம் அதற்கு இணங்கவில்லை. அடி உதையின்றியே ஒருவரை அடக்கி ஆட்டிப்படைக்கும் நடத்தையை 2015ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் குற்றமாக்கியது. கணவனைச் சுத்தியலால் அடித்துக் கொன்று 2011இல் தண்டனை பெற்ற சாலி சாலன் என்பவருக்காக அவருடைய பிள்ளைகளே போராட, 2019இல் கொலைத் தீர்ப்பு ரத்தாயிற்று. ஆனால் அவரும் வெளியே வந்தது, கண்டறியப்படாத மனக்கோளாறு என்ற அதே வாசல் வழியாகத்தான்.

இந்தியாவுக்கு வருவோம். 1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் 300ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கில் கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டல் என்று இரண்டு நிபந்தனைகளை வைத்தது. கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற பிரசித்தி பெற்ற வழக்கில், பகல் ஒன்றரை மணிக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டவர் கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி பெற்று 4.20 மணிக்குச் சென்றதைக் கணக்கிட்ட உச்ச நீதிமன்றம், ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஆத்திரம் ஆறியிருக்கவேண்டும் என்று 1961இல் தீர்ப்பளித்தது. இறந்தவரின் முந்தைய நடத்தை ஏற்படுத்திய மனோநிலையையும் கருதலாம் என்று அதே தீர்ப்பில் ஒரு சிறு சாளரமும் திறந்திருந்தது.

அந்தச் சாளரத்தை அகலப்படுத்தியது சென்னை உயர் நீதிமன்றம். அதுவும் லண்டன் நீதிபதிகள் அலுவாலியாவின் வழக்கைக் கேட்பதற்குச் சில ஆண்டுகள் முன்பாகவே. குடும்பத்தின் கொடுமை பொறுக்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்து, குழந்தைகள் மடியத் தான் மட்டும் பிழைத்துக் கொலைக் குற்றவாளியாக நின்ற ஒரு தாயின் வழக்கு அது. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் இன்றும் கோயில் கொண்டிருக்கும் நல்லதங்காளின் கதையை நினைத்த நீதிமன்றம், தன் 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இத்தகைய பெண்களின் நிலையை நல்லதங்காள் மனநிலை என்றே குறித்தது. கதையில் நல்லதங்காளை வதைப்பவள் கணவனல்ல, அண்ணி மூளி அலங்காரி என்பதை வாசகர் சுட்டிக்காட்டக்கூடும். ஆனால் பட்டினியும் அவமானமும் சேர்ந்து ஒருத்தியைக் கிணற்றடிக்குத் தள்ளுகின்றன என்பதே நீதிமன்றத்துக்கு வேண்டியிருந்தது. திடீர் ஆத்திரமூட்டலும் தொடர் ஆத்திரமூட்டலும் வெவ்வேறு வகை. பின்னதில் பல காலமாக நடந்த செய்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும், இறுதியில் வருவது மிக அற்பமானதாகக்கூட இருக்கலாம் என்ற தர்க்கத்தால், சட்டத்தில் எழுதப்படாத ஒரு விதிவிலக்கை அங்கீகரித்தது அத்தீர்ப்பு. கவுகாத்தி உயர் நீதிமன்றமும் 2013இல், அடிபட்டு வந்த மனைவியர் விஷயத்தில் அந்த வழியிலேயே சென்றது.

அந்த வழி சட்டப்புத்தகத்தில் மட்டும் இன்னும் ஏறவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதீய நியாய சன்ஹிதா, 101ஆம் பிரிவில், கடுமையான, திடீரென்ற என்ற பழைய இரட்டை நிபந்தனையையே எடுத்துவைத்திருக்கிறது. எனவே ஒவ்வொரு வழக்கிலும் பழைய தீர்ப்புகளைத் தேடி எடுத்து வாதாடவேண்டிய நிலை தொடர்கிறது. விதிவிலக்குக்குள் தன் வழக்கு வருகிறது என்று காட்டும் பொறுப்பும் சாட்சியச் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவரையே சாரும். அங்கேதான் சிக்கல். மாட்டுக்கொட்டகையில் விழுந்ததாகவும் படியில் வழுக்கியதாகவும் அரசு மருத்துவமனையில் பொய் சொல்லிக் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிய ஒருத்திக்கு, நான்காண்டு கழித்து அந்தக் காயம் சாட்சி சொல்லாது. விபத்துப் பதிவேட்டில் அடித்தவர் யார் என்று எழுதச் சொல்லியிருந்தால் அது பேசும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்குச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருந்தால் அது பேசும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் தயாரித்த சம்பவ அறிக்கை பேசும். மனுவை வாங்கிக்கொண்டு, இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி, எழுத்தில் ஒன்றும் இல்லாமல் அனுப்பிவிடுகிற வழக்கம் பல நிலையங்களில் உண்டு என்பதை வழக்கறிஞர்கள் அறிவார்கள். ரசீதைக் கேட்டு வாங்குவது மனுதாரரின் உரிமை.