சடுகுடுவின் ஒரு பருவம்

தறியில் பாவு முதலில் ஏறுகிறது; ஊடை இழையிழையாகச் சேர்ந்த பின்னரே சேலை உருப்பெறுகிறது. தொழில்முறை விளையாட்டின் ஒரு பருவமும் அத்தகையதே. ஓர் ஆட்டத்தின் வெற்றி வேறு. பல மாதங்கள் நீளும் பருவத்தின் வெற்றி வேறு. இவ்வேறுபாட்டை, நம் மண்ணின் சடுகுடுவாகிய கபடியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் 18 கழகங்கள் ஒவ்வோராண்டும் மோதுகின்றன. வெற்றிக்கு 4 புள்ளி, சமனுக்கு 2, தோல்விக்கு ஏதுமில்லை. நம் நாட்டில் 2014இல் தோன்றிய புரோ கபடித் தொடரோ 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் தோற்றவனையும் ஓரளவு மதித்தது. அன்று வெற்றிக்கு 5 புள்ளி, சமனுக்கு 3. ஏழு அல்லது அதற்குக் குறைந்த புள்ளிகளில் தோற்றால் 1. ஆகவே, தோல்வி உறுதியான பின்னரும் இறுதி நொடிவரை போராடுவதற்குப் பயன் இருந்தது.

தமிழ் தலைவாஸ் அணி 2017இல் இத்தொடரில் நுழைந்தது. முதல் நான்கு பருவங்களில் ஒருமுறையேனும் அடுத்த கட்டத்திற்குத் தகுதி பெறவில்லை. 2022ஆம் ஆண்டுப் பருவத்திற்கு ஓர் அணி தன் வீரர்களுக்காகச் செலவிடத்தக்க தொகை 4.4 கோடி ரூபாய். அதில் பாதிக்கும் மேலாக, 2.26 கோடி ரூபாயை, பவன் செஹ்ராவத் என்னும் ஒரே வீரருக்கு இவ்வணி அளித்தது. அந்நாள்வரை எவரும் பெறாத விலை அது. அவரோ முதல் ஆட்டத்திலேயே காயமுற்றுப் பருவம் முழுவதையும் இழந்தார். பருவத்தின் நடுவே பயிற்சியாளரும் மாறினார். அஷன் குமார் பொறுப்பேற்றார்.

கப்பலின் பாய்மரம் முறிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆயின், அதுவரை இத்தொடரில் ஆடியிராத நரேந்தர் கண்டோலா என்னும் இளைஞர் அப்பருவத்தில் 243 ரெய்டு புள்ளிகளை ஈட்டினார். பாடிச் செல்பவனுக்கு ஒரு முறைக்கு 30 நொடிகளே உண்டு. அவ்வளவில் எதிரியைத் தொட்டு மீள வேண்டும். அவன் பிடிபட்டு வெளியேறினால், அவனை மீண்டும் களத்துள் கொணர்வது, பாடியோ பிடித்தோ அவன் அணியினர் பெறும் புள்ளியே. கோர்வைச் சேலையில் கரையையும் உடலையும் இணைக்க இருவர் கை சேர்வதுபோல், பாடுபவனும் பிடிப்பவனும் சேர்ந்தாலன்றி அணி இல்லை.

12 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டங்கள். முதல் ஆறு அணிகளுக்கே மேற்சுற்று. அவ்வாறனுள் ஒன்றாகத் தலைவாஸ் முதன்முறையாக இடம்பெற்றது. உ.பி. யோதாஸ் அணியுடன் 36-36 எனச் சமனாகி, சமன்முறிப்பில் 6-4 என வென்றது. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 39-37 என இரண்டே புள்ளிகளில் வீழ்ந்தது. அப்பருவத்தின் கோப்பை ஜெய்ப்பூர் அணிக்குச் சென்றது.

இங்கு ஒரு வினா எழுகிறது. செஹ்ராவத்தும் கண்டோலாவும் வடபுலத்தார். அணியின் பெயரில் மட்டும் தமிழ் இருந்தால் போதுமா? ஊர்தோறும் பொங்கல் நாளில் சடுகுடு ஆடும் நம் இளைஞர்க்குப் பயிற்சியும், சத்துணவும், காயமுற்ற காலத்துப் பாதுகாப்பும் வேண்டாவா? வாய்ப்புக் கிட்டின் அவர்தம் ஆற்றல் எத்தகையது என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் பொன் வென்ற இந்தியக் கபடி அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும், வடுவூர் அபினேஷும் இருந்தனர்.

பெருவிலை கொடுத்தும் பருவத்தை வாங்க இயலாது என்பதே 2022 தரும் பாடம். மாணவ நண்பர்களே, முதல் நாள் இழை அறுந்தால் தறியை விட்டு எழுபவன் நெசவாளன் அல்லன். அவ்விழையை முடிந்து நெய்பவனே நெசவாளன்.