வேகம் கூடினால் ஓடாத விளையாட்டுகள்

டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய பழைய டாஸ் விளையாட்டு ஒன்றை 1998-க்குப் பிந்தைய கம்ப்யூட்டரில் ஓடவிட்டால், பல சமயம் ‘ரன்டைம் எரர் 200’ என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கோளாறு வேகத்தில் இருக்கிறது. அந்த மொழியோடு வந்த நிரல் நூலகம் ஒன்று, விளையாட்டு தொடங்கும்போதே பிராசஸரின் வேகத்தை அளந்துகொள்ளும். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது 55 மில்லிசெகண்டுக்குள், வெற்றுச் சுற்று ஒன்றை எத்தனை தடவை ஓட்ட முடிகிறது என்று எண்ணும். அதை 55-ஆல் வகுத்துக் குறித்துக்கொள்ளும். விடைக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். 65,535-க்கு மேல் அதில் கொள்ளாது. சுமார் 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய பிராசஸர்களில் விடை அந்த எல்லையை மீறிவிடுவதால், வகுத்தல் பிழை என்று பிராசஸர் கையை விரித்துவிடுகிறது.

இந்தப் பிழைக்காவது திருத்தம் உண்டு. 1990-இல் வந்த விங் கமாண்டர் போன்றவை பிழை எதுவும் காட்டாமலே ஆட்டத்தைக் கெடுக்கும். பிராசஸர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில் ஆட்டமும் ஓடும். எதிரி விண்கலத்தைக் குறிபார்ப்பதற்குள் அது திரையைத் தாண்டியிருக்கும்.

பழைய விளையாட்டுகளை அந்தக் காலத்துப் பாகங்களைக் கொண்டே கட்டிய கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். புதிதாக இதில் இறங்குபவர் செய்யும் முதல் காரியம், கிடைப்பதிலேயே வேகமான பிராசஸரைத் தேடுவது. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து வாங்கிப் பழகிய புத்தி அப்படித்தான் போகும். இங்கே அது உதவாது. எந்த ஆண்டின் விளையாட்டு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மதர்போர்டு அதற்குப் பிறகு.

ஒரே ஒரு மெஷின்தான் வைத்துக்கொள்ள இடமிருக்கிறது என்றால், என் ஓட்டு இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள மதர்போர்டுக்கு. 1998 ஏப்ரலில் வந்தது. அதற்குள் வயதாகிவிட்ட ஐஎஸ்ஏ, நடுவயது பிசிஐ, அப்போது புதிதான ஏஜிபி என்று மூன்று தலைமுறை ஸ்லாட்களும் ஒரே போர்டில் கிடைக்கும். 80-களின் இறுதியில் செய்த சவுண்டு கார்டையும் பத்தாண்டு கழித்து வந்த கிராபிக்ஸ் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் செருகலாம். பென்டியம் 2, பென்டியம் 3, செலரான் மூன்றும் பொருந்தும். அதே 1998-இல் வந்த செலரான் 300ஏ, மலிவு விலைப் பிராசஸராக இருந்தும் பெயர் வாங்கியது. அதன் பெருக்கெண் 4.5, பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக்கினால் 300 என்பது 450 ஆகிவிடும். பெரும்பாலானவை முணுமுணுக்காமல் ஓடின.

இனி வூடூ. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து 1994-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கிய நிறுவனம் 3டிஎஃப்எக்ஸ். முப்பரிமாணப் படம் வரைவதற்கென்றே தனி கார்டு என்ற எண்ணத்தை வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தியது 1996-இல் வெளிவந்த அவர்களுடைய வூடூதான். 1998-இன் வூடூ2-இல் மூன்று பெரிய சிப்கள் இருந்தன. ஒன்று புள்ளிகளைத் திரைக்கு அனுப்பும். மற்ற இரண்டும் பரப்புகளின் மேல் ஒட்டும் படங்களைக் கவனிக்கும். கார்டின் நினைவகம் 8 அல்லது 12 மெகாபைட்.

விசித்திரம் என்னவென்றால், இந்தக் கார்டால் சாதாரண விண்டோஸ் திரையைக் காட்ட முடியாது. அதற்கு இன்னொரு கார்டு வேண்டும். அந்தக் கார்டிலிருந்து ஒரு சின்ன கேபிள் வூடூவுக்குள் போகும், வூடூவிலிருந்து இன்னொன்று மானிட்டருக்கு. விளையாட்டு தொடங்கியதும் வூடூ குறுக்கே புகுந்து தன் படத்தை அனுப்பும். முதல் தலைமுறைக் கார்டுகள் சிலவற்றில் இந்த மாற்றத்தைச் செய்யும் ரிலேயின் ‘டிக்’ சத்தம் வெளியே கேட்கும். படம் இரண்டு கேபிள் கடந்து வருவதால் விண்டோஸ் எழுத்துகள் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம். மட்டமான கேபிளாக இருந்தால் அந்த மங்கல் நன்றாகவே தெரியும்.

3டிஎஃப்எக்ஸ் தன் கார்டுகளுக்கென்று கிளைடு என்ற நிரல் இடைமுகத்தை வைத்திருந்தது. 1998-இல் வந்த அன்ரியல் விளையாட்டை இந்தக் கார்டில் கிளைடு வழியாகப் பார்த்தவர்கள் வேறு எதிலும் பார்க்க விரும்ப மாட்டார்கள். கிளைடை இன்றைய கார்டுகளுக்கு மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. பழைய கார்டே வேண்டும் என்பதில் பாதி பிடிவாதம்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 16 பிட் நிறத்தில் புள்ளிகளைக் கலந்து இல்லாத நிறத்தைக் காட்டும் அந்தப் படம், பழைய குழாய் மானிட்டரில் பார்க்கவென்றே வரையப்பட்டது. பளிச்சென்ற எல்சிடியில் அதே புள்ளிகள் சொரசொரப்பாகத் தெரியும்.

வூடூ2-க்கு அப்கிரேடு என்றால் இன்னொரு வூடூ2. இரண்டையும் ஒரு பட்டைக் கேபிளால் இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒரு கார்டும் இரட்டைப்படை வரிகளை மற்றதும் வரையும். தனியாக 800-க்கு 600 வரை போகும் கார்டு, ஜோடி சேர்ந்தால் 1024-க்கு 768 வரை போகும். எஸ்எல்ஐ என்று இதற்குப் பெயர். 2000 டிசம்பரில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை வாங்குவதாக அறிவித்த என்விடியா, 2004-இல் அதே மூன்றெழுத்துக்கு வேறு விரிவு கொடுத்துத் தன் கார்டுகளுக்கு வைத்துக்கொண்டது.

படத்தைவிட ஒலிதான் ஆளைச் சோதிக்கும். டாஸ் விளையாட்டுக்கும் சவுண்டு கார்டுக்கும் நடுவில் டிரைவர் என்று யாரும் கிடையாது. கார்டு ஹெக்ஸ் 220 என்ற முகவரியில் இருக்கும், குறுக்கீடு 5 அல்லது 7, டிஎம்ஏ 1 என்று எடுத்துக்கொண்டு விளையாட்டே நேராகப் போய்க் கார்டோடு பேசும். ஐஎஸ்ஏ கார்டுகள் அப்படித்தான் செய்யப்பட்டிருந்தன. பிசிஐ கார்டுகளுக்கு இந்த ஏற்பாடு இயல்பாக வராது. பழைய சவுண்டு பிளாஸ்டர் போல நடிக்க ஒரு மென்பொருளை முன்கூட்டியே ஏற்ற வேண்டும். சில விளையாட்டுகள் அந்த நடிப்பை நம்பாது. ஐஎஸ்ஏ ஸ்லாட் உள்ள போர்டாகப் பார்த்து எடுங்கள் என்பது இதனால்தான்.

ஐஎஸ்ஏ சவுண்டு கார்டிலும் யமஹாவின் ஓபிஎல்3 சிப் உண்மையாகவே இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சவ்னிங் கண்டறிந்த எஃப்எம் முறையில், ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலியை உண்டாக்கும் சிப் அது. பின்னாளில் வந்த சவுண்டு பிளாஸ்டர் கார்டுகள் பலவற்றில் அதற்குப் பதிலாக வேறொரு சிப் இருக்கும். பாட்டு அதேதான், ஆனால் உலோகம் உரசுவது போன்ற ஒரு சாயல் ஏறியிருக்கும். 90-களின் விளையாட்டு இசையில் ஊறிய காது உடனே கண்டுபிடித்துவிடும்.

இவ்வளவு செய்தும் 1990-இன் விளையாட்டுக்கு இந்த மெஷின் வேகம் அதிகம். பயாஸுக்குள் போய் பிராசஸரின் உள் கேஷ் நினைவகத்தை அணைத்துவிட்டால், பென்டியம் 3 தடாலென்று விழுந்து 386 காலத்து வேகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை நாமே கழற்றி வைக்கும் இந்த வேலையில் ஒரு குறும்பான திருப்தி இருக்கத்தான் செய்கிறது.

ரேமிலும் ஆசைப்படக் கூடாது. 512 மெகாபைட்டைத் தாண்டினால் விண்டோஸ் 98, இருக்கும் நினைவகம் போதவில்லை என்று புகார் சொல்லும். அதன் கோப்புக் கேஷ் அளவுக்கு மீறி முகவரிகளை எடுத்துக்கொள்வதால் வரும் வினை, சிஸ்டம்.இனி கோப்பில் வரம்பு போட்டுச் சமாளிக்கலாம். 256 மெகாபைட் வைத்துவிட்டு அதை மறந்துவிடுவது உத்தமம்.

பழைய பாகம் தேவையில்லாத இடங்களும் உண்டு. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில், கேமராவில் போடும் காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டை மலிவான ஓர் இணைப்பியில் செருகி ஐடிஇ கேபிளில் மாட்டலாம். அந்தக் கார்டு ஐடிஇ மொழியையே பேசும் என்பதால் டிரைவர்கூட வேண்டாம். 32 ஜிகாபைட்டுக்கு மேல் போகாதீர்கள். அந்தக் காலத்து பயாஸ்கள் சில அதற்கு மேல் கண்டால் அப்படியே உறைந்துவிடும். எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் யோசிக்க வேண்டும். சில பழைய ஐஎஸ்ஏ சவுண்டு கார்டுகளுக்கு மைனஸ் 5 வோல்ட் தேவை, இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் அது வருவதில்லை. 386, 486 போர்டு காயலான் கடையில் கண்ணில் பட்டால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். அதில் இருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்து செப்புத் தடங்களை அரித்திருக்கும். வினிகரால் துடைத்து, பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தால் சில போர்டுகள் பிழைக்கும்.

எல்லாம் பூட்டி முடித்ததும் எடிட்டரைத் திறந்து கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஒரு மெனு எழுதிவிடுங்கள். 1993-இல் வந்த எம்எஸ்-டாஸ் 6 முதலே இந்த வசதி உண்டு. டாஸின் 640 கிலோபைட்டில் 600-க்கு மேல் மிச்சம் கேட்கும் விளையாட்டுகளுக்கு இஎம்எம்386 என்ற நினைவக மேலாளரை ஏற்றி, மற்ற சாமான்களை மேல் நினைவகத்துக்குத் தள்ள ஒரு வரி. 1992-இன் அல்டிமா 7-க்கு அதே இஎம்எம்386 ஆகாது; அது வூடூ என்ற பெயரிலேயே சொந்தமாக ஒரு நினைவக மேலாளரைக் கொண்டுவந்தது, 3டிஎஃப்எக்ஸ் பிறப்பதற்கு முன்பே. அதற்கு இரண்டாவது வரி. மூன்றாவது விண்டோஸுக்கு.